கடன் வந்துச்சு, இடம் வரல: தெரு வியாபாரிகள் சட்டமும் வடிகால் பள்ளமும்

வண்டிக்காரி மகள் (இழையைத் தொடங்கியவர்)

வட சென்னையில இருக்குறவங்க எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், முழுசாப் படிச்சிட்டுப் பதில் போடுங்க.

எங்கம்மா தண்டையார்பேட்டையில தள்ளுவண்டியில காய்கறி விக்கிறாங்க. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து அதே தெரு, அதே இடம். போன மாசம் அந்தத் தெருவுல மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் எடுக்க வந்தாங்க. முந்தின நாள் ராத்திரி ஒருத்தர் வந்து, "காலையில வண்டி இங்க நிக்கக் கூடாது"ன்னு வாய்வார்த்தையா சொல்லிட்டுப் போயிட்டார். நோட்டீஸ் இல்ல. வேற எங்க நிறுத்துறதுன்னும் சொல்லல. அம்மா சுருக்குப்பையில இருந்து வியாபாரி அட்டையை எடுத்துக் காட்டினதுக்கு, "இதுல நடமாடும் வியாபாரின்னுதான போட்டிருக்கு, அப்போ நகர்ந்து போங்க"ன்னு பதில்.

அந்த ஒரு பதில்தான் என்னை இதெல்லாம் தேடிப் படிக்க வச்சுது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014, பிரிவு 6. நிலையா ஒரே இடத்துல விக்கிறவங்க, நடமாடி விக்கிறவங்க, திட்டத்துல சொல்ற மத்த வகைன்னு அதுல பிரிச்சிருக்காங்க. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்தவங்க வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாங்க, "நடமாடும்"னு குறிச்சிட்டாங்க. சக்கரம் இருக்குறது காலையில சரக்கு ஏத்தி வரவும், ராத்திரி வீட்டாண்ட கொண்டு போய்ச் சங்கிலி போடவும்தான். பகல் முழுக்க அந்தச் சக்கரத்துக்குக் கீழ செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். அந்தச் செங்கல்லை யாரும் குனிஞ்சு பார்க்கல.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 2020 ஜூன்ல பி.எம். ஸ்வநிதின்னு தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டம் வந்தப்போ அம்மாவுக்கு 10,000 ரூபா கிடைச்சுது. ஒழுங்கா கட்டினதால அடுத்து 20,000. நேரத்துக்குக் கட்டினா வருஷத்துக்கு 7 சதவீத வட்டி மானியம். அதுக்கு முன்னாடி தண்டல்தான். 10,000 தண்டல்னா கையில 8,500 கொடுப்பாங்க, தினம் 100 ரூபா, 100 நாள். விடியக்காலையில ஆள் வந்து நிக்கும். அதுல இருந்து அம்மாவை வெளிய கொண்டு வந்தது இந்தக் கடன்தான், அதை நான் மனசாரச் சொல்வேன். 2025 ஆகஸ்ட்ல இதை 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சு, முதல் கடன் 15,000, ரெண்டாவது 25,000, மூணாவது 50,000ன்னு ஏத்தியும் இருக்காங்க.

என் கேள்வி இதுதான். கடன் கொடுக்கும்போது எங்கம்மா வியாபாரின்னு அரசாங்கத்துக்குத் தெரியுது. பள்ளம் எடுக்கும்போது மட்டும் ஏன் தெரியல? சரக்கு வாங்கப் பணம் கொடுத்த கையே வண்டியை எங்க நிறுத்துறதுன்னு சொல்ல இத்தனை வருஷமா ஏன் இழுக்குது?

பாரிமுனை வக்கீல்

தங்கச்சி, முதல்ல சட்டத்துல இருக்குறதைத் தெளிவா வச்சுக்குவோம். நிறைய பேர் தெரியாமலே ஒதுங்கிப் போயிடுறாங்க.

பிரிவு 3(3): கணக்கெடுப்பு முடிஞ்சு எல்லா வியாபாரிக்கும் விற்பனைச் சான்று கொடுக்குற வரைக்கும் யாரையும் அகற்றக் கூடாது. பிரிவு 18: இடம் மாத்துறதா இருந்தாலும் அகற்றுறதா இருந்தாலும் 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். பிரிவு 19: பொருளைப் பறிமுதல் பண்ணா அங்கேயே பட்டியல் எழுதிக் கொடுக்கணும், கேட்டு வந்தா அழுகுற பொருளை அன்னிக்கே, மத்ததை 2 வேலை நாளுக்குள்ள திருப்பித் தரணும். பிரிவு 20: வியாபாரிகளோட குறைகளைக் கேட்க, சிவில் நீதிபதியாவோ நீதித்துறை நடுவராவோ இருந்தவர் தலைமையில ஒரு குழு. பிரிவு 22: நகர விற்பனைக் குழு. அதுல குறைஞ்சது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளா இருக்கணும், அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள்.

உங்கம்மா அட்டையில வகை தப்பா இருந்தா, திருத்தச் சொல்லி நகர விற்பனைக் குழுவுக்கு எழுத்துல மனு கொடுங்க. அதே இடத்துல வியாபாரம் பண்ணதுக்கு ஆதாரம் சேருங்க. பழைய அபராத ரசீது இருந்தா அதுவே நல்ல ஆதாரம். தேதியும் தெருப் பேரும் அதுல இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க.

தாமதம் எங்க ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்க. 1989ல சோதன் சிங் வழக்குலயே உச்ச நீதிமன்றம் தெருவுல வியாபாரம் பண்றது அரசியலமைப்போட 19(1)(ஜி) கொடுக்குற தொழில் உரிமைக்குள்ள வரும், நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு சொல்லிடுச்சு. 2010ல கைந்தா ராம் வழக்குல, 2011 ஜூன் 30க்குள்ள சட்டம் கொண்டு வாங்கன்னு கெடு வச்சாங்க. சட்டம் அமலுக்கு வந்தது 2014 மே 1. தமிழ்நாட்டு விதிகள் 2015ல. தீர்ப்புல இருந்து விதி வர்றதுக்குள்ள ஒரு தலைமுறை வியாபாரி வண்டியைப் பிள்ளைங்க கையில கொடுத்துட்டாங்க.

காசிமேடு மீன்காரர்

வக்கீல் சார் சொன்ன பட்டியலை நான் இன்னி வரைக்கும் கண்ணால பார்த்ததில்ல. எங்க கூடையைத் தூக்குனப்போ எதையும் எழுதல. சங்கரா, நண்டு, ஐஸ் பெட்டி எல்லாம் அப்படியே லாரியில ஏத்திட்டாங்க. அன்னிக்கே திருப்பித் தரணும்னு சட்டம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. சாயங்காலம் போய்க் கேட்டா நாளைக்கு வான்னாங்க. மீனை நாளைக்கு வாங்கி நான் என்ன பண்றது சார்?

எங்களுக்கு வேண்டியது பெரிசா ஒண்ணும் இல்ல. இந்தத் தெருவுல நில்லு, இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும், மாசம் இவ்ளோ கட்டுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. கட்டிட்டுப் போறோம். இப்பவும் கட்டத்தான் செய்றோம். அது எங்க போகுதுன்னு ரசீதுதான் இல்ல.

டி.எச்.ரோடு கடைக்காரர்

என்னைத் திட்டுனாலும் பரவாயில்ல, கடைக்காரன் பக்கத்தையும் சொல்லிடுறேன். வாடகை, சொத்து வரி, தொழில் வரி, வருஷா வருஷம் தொழில் உரிமம், எடை மிஷினுக்குத் தொழிலாளர் துறை முத்திரை, இது அத்தனையும் நான் கட்டுறேன். 2022ல சொத்து வரியை 50 சதவீதத்துல இருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. கட்டிட ஓனர் அதை அப்படியே வாடகையில ஏத்திட்டார். என் கடை வாசல்ல நாலு வண்டி நின்னா வாடிக்கையாளர் உள்ள வர முடியல. பிளாட்பாரத்துல வயசானவங்க நடக்க முடியாம ரோட்டுல இறங்குறாங்க. டி.எச்.ரோட்டுல, அதான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில, கண்டெய்னர் லாரி போற போக்கு உங்க எல்லாருக்கும் தெரியும்.

நான் வண்டிக்காரங்களுக்கு எதிரி இல்ல. எங்கப்பா மூட்டையைத் தோள்ல போட்டுத்தான் ஆரம்பிச்சார். ஆனா ஒழுங்குமுறைன்னு சொன்னா அது எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். எனக்கு உரிமம் ஒரு மாசம் தாமதமானா அபராதம். அரசாங்கம் தன் வேலையைப் பத்து வருஷம் தாமதிச்சா யாருக்கு அபராதம்?

ஓய்வு பெற்ற கணக்கர்

அன்பர்களே, நான் பல ஆண்டுகள் நகராட்சிக் கணக்குப் பிரிவில் (சென்னையில் அல்ல) பணியாற்றியவன். இப்போது வியாசர்பாடியில் வசிக்கிறேன். தாமதத்தின் வேர் குறித்து இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, 2016 அக்டோபரில் இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர் நிர்வாகம். தெரு வியாபாரிகள் சட்டம் வேர்விட வேண்டிய ஆண்டுகள் அவை. எந்தத் தெரு விற்பனைப் பகுதி, எந்தத் தெரு தடை செய்யப்பட்ட பகுதி என்று பிரிப்பது வெறும் அலுவலக வேலை அல்ல. கடைக்காரரும் வண்டிக்காரரும் குடியிருப்பவரும் முட்டிக்கொள்ளும் இடம் அது. அங்கே உட்கார்ந்து பேசி முடிக்க ஒரு கவுன்சிலர் தேவை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் 200 வார்டுகளிலும் அந்த ஆள் இல்லை. அதிகாரி எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு வரும். ஆகவே கோப்பு நகராமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, பணம். கடன் திட்டத்துக்கு ஒரே ஒரு முடிவு போதும்: பயனாளி வியாபாரியா, இல்லையா. சான்று இல்லாதவருக்கும் உள்ளாட்சி பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் வங்கி கடன் தரலாம் என்று வழி வைத்தார்கள். இடம் ஒதுக்குவதற்கு அப்படிப்பட்ட குறுக்கு வழி இல்லை. ஒருவருக்கு இடம் என்றால் இன்னொருவருக்கு அந்த இடம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் பணம் முன்னே ஓடியது, இடம் பின்தங்கியது. மகளே, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

மணலி புதுநகர் அக்கா

எல்லாரும் வண்டியைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு அந்த வடிகால் வேணும், சீக்கிரம் வேணும். 2021 நவம்பர்ல பூண்டியில இருந்து திறந்துவிட்ட உபரித் தண்ணி கொசஸ்தலையாறு வழியா வந்து எங்க ஏரியா மிதந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம். எங்க வீட்டுச் சுவர்ல அந்தக் கறை கோடு மாதிரி இன்னும் இருக்கு. சுண்ணாம்பு அடிச்சும் மறுபடி தெரியுது. குடும்பத்தோட மொட்டை மாடியில ராத்திரி கழிச்சவங்ககிட்ட, நாலு வண்டிக்கு இடம் பார்க்குற வரைக்கும் பள்ளம் எடுக்காதேன்னு சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. கோபிச்சுக்காத தங்கம். உங்கம்மா வண்டியும் அந்தத் தண்ணியிலதான நிக்கும்?

வண்டிக்காரி மகள்

கோபம் இல்லக்கா. எங்க தெருவுலயும் மழைன்னா முழங்கால் தண்ணி, வியாபாரம் அத்தோட போச்சு. வடிகால் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. அம்மாவும் சொல்லல. பள்ளம் எடுக்கப் போறோம்னு முன்னாடியே எழுத்துல சொல்லி, ரெண்டு தெரு தள்ளி ஒரு இடம் காட்டிட்டு எடுங்கன்னுதான் கேக்குறோம். தோண்டினவங்க பாதியில நிறுத்திட்டுப் போயிட்டாங்க, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். கம்பி துருப்பிடிச்சு நிக்குது. பள்ளத்துல தேங்குன தண்ணியில கொசு. அம்மாவும் அந்த இடத்துல இல்ல, வடிகாலும் அங்க இல்ல.

சைட் இன்ஜினியர்

நான் வடிகால் வேலையில இருக்கேன், ஒப்பந்தக்காரர் பக்கம். ஏன் பாதியில நிக்குதுன்னு சொல்றேன். சாக்கு இல்ல, நடக்குறது.

வட சென்னையோட பழைய தெருக்கள்ல தரைக்கு அடியில என்ன போகுதுன்னு முழுசா ஒரு வரைபடம் கிடையாது. தோண்டினா மின்சார கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், டெலிபோன் லைன் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு துறை. கேபிளை நகர்த்த மின்வாரியத்துக்கு எழுதணும், அதுக்குப் பணம் கட்டணும், அவங்க ஆள் வரணும். அது வரைக்கும் எங்க கூலியாட்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது, அடுத்த சைட்டுக்கு அனுப்பிடுவோம். கடலோரம்னால நாலஞ்சு அடியிலயே ஊத்து வந்துடும், மோட்டார் போட்டு இறைச்சுக்கிட்டே கான்கிரீட் போடணும். வடகிழக்குப் பருவமழை நெருங்குனா புதுசா ரோடு வெட்ட அனுமதி நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள முடியலன்னா பள்ளம் ஜனவரி வரைக்கும் அப்படியே கிடக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்ல நடக்குற வேலைக்கும் மாநகராட்சி சொந்த நிதியில நடக்குற வேலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம், 3,220 கோடி, அந்த வங்கிக் கடன்ல நடக்குறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கமெல்லாம் வருது. அந்த வங்கியோட 2009ஆம் வருஷப் பாதுகாப்புக் கொள்கைப்படி, திட்டத்தால பிழைப்பு பாதிக்கப்படுறவங்களுக்குப் பட்டா இல்லாட்டியும் ஈடு செய்யணும். தற்காலிகமா வருமானம் போற தெரு வியாபாரியும் அதுல சேர்த்தி. குறைதீர்க்க ஒரு ஏற்பாடும் வைக்கணும். மாநகராட்சி சொந்த நிதியில போடுற சாதாரண வடிகால் டெண்டர்ல நான் பார்த்த வரைக்கும் வியாபாரிக்குன்னு ஒரு வரி கூட இருந்ததில்ல. மண் அள்ள இவ்ளோ, கம்பிக்கு இவ்ளோ, தடுப்புத் தகரத்துக்கு இவ்ளோ. வண்டியை நகர்த்தி வைக்க ஒரு பைசா இல்ல. அதனாலதான் ராத்திரி ஒரு ஆள் போய் வாயால சொல்றார். அவர்கிட்ட எழுதிக் கொடுக்கவும் ஒண்ணும் இல்ல, கொடுக்கப் பணமும் இல்ல.

உங்க தெரு வேலை எந்த நிதியிலன்னு வேலை விவரப் பலகையைப் பாருங்க. பலகை வைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க.

மூலக்கடை வாசி

ஒவ்வொரு வருஷமும் ஆயிரம் கோடி, நாலாயிரம் கோடின்னு பேப்பர்ல வருது. 2023 பட்ஜெட்ல வட சென்னை வளர்ச்சித் திட்டம், மூணு வருஷத்துல 1,000 கோடின்னாங்க. 2024 மார்ச்ல தங்கசாலையில தொடங்கி வைக்கும்போது அது 4,181 கோடி ஆயிடுச்சு. பணம் இல்லாமலா வேலை நிக்குது? துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலையைப் பாருங்க. 2009ல பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012ல கூவம் ஆத்து ஓட்டம் தடைபடும்னு மாநில அரசு நிறுத்திச்சு. தூண்கள் வருஷக்கணக்கா வெயில்ல நின்னுச்சு. 2022 மே மாசம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்தத் தடவை ரெண்டடுக்கு, 5,800 கோடிக்கு மேல. ஒரே ரோட்டுக்கு ரெண்டு பிரதமர் அடிக்கல். அந்த இடைவெளியில கண்டெய்னர் லாரிகள் எங்க ஊர் வழியாத்தான் போச்சு. எத்தனை பேர் அடிபட்டிருப்பாங்கன்னு நினைச்சா நெஞ்சு பதறுது.

ஓய்வு பெற்ற கணக்கர்

மூலக்கடை அன்பருக்கு: 1,000 கோடி 4,181 கோடி ஆனதில் ஒரு கணக்கு இருக்கிறது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தரும் தொகை அதில் ஒரு பங்கு மட்டுமே. மாநகராட்சி, குடிநீர் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மின்வாரியம் போன்ற பல துறைகளின் பணிகளும் அதே தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டன. ஒருங்கிணைத்துப் பார்ப்பது நல்லதே. ஆனால் தொகையைப் பார்த்து மயங்காமல், எந்தப் பணி எந்தத் துறையின் கணக்குத் தலைப்பில் வருகிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால்தான் யார் பொறுப்பு என்று தெரியும்.

தாமதத்துக்கு விலை உண்டு என்பதை எளிய கணக்கில் காட்டுகிறேன். 2025 மே மாதம் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்கு நகராட்சிப் பத்திரம் (முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கும் ஏற்பாடு) வெளியிட்டு, தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கொசஸ்தலையாறு வடிகால் பணிக்காக. வட்டி 7.97 சதவீதம், 10 ஆண்டு. வட்டி மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 கோடி. பள்ளம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த வட்டி ஓடும். அதைக் கட்டப் போவது சொத்து வரி கட்டும் கட்டிட உரிமையாளர்களும், அவர்களுக்கு வாடகை கொடுக்கும் டி.எச்.ரோடு கடைக்காரர் போன்றவர்களும்தான். பத்திரம் வெளியிடும் நகரங்களுக்கு 100 கோடிக்கு 13 கோடி வீதம் மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. அது முதல் ஒன்றரை ஆண்டு வட்டிச் சுமையைத் தாங்கும். பிறகு நம் பணம்.

பத்திரம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2001இல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி திரட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டில் 13 சிறிய உள்ளாட்சிகள் சேர்ந்து, குடிநீர் மற்றும் துப்புரவுக்கான கூட்டு நிதியம் வழியாக ஏறக்குறைய 30 கோடி திரட்டின. தனியாகப் போனால் கடன் கிடைக்காத சிற்றூர்கள் ஒன்றாகப் போனதால் சந்தை நம்பியது. அதை நான் அருகிருந்து பார்த்த தலைமுறை. பணம் புரட்டும் திறமை நம் மாநிலத்துக்கு இருக்கிறது. புரட்டிய பணம் தரையைத் தொடும் இடத்தில்தான் கை நடுங்குகிறது. டெண்டரில் வியாபாரிக்கு ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு தெருவில் இருபது வண்டிக்கு இரண்டு மாத ஏற்பாடு, மொத்த மதிப்பீட்டில் கண்ணுக்கே தெரியாது. அது இல்லாததால் தகராறு, புகார், வேலை நின்றுபோதல், தாமதம், வட்டி.

சைட் இன்ஜினியர்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. எங்களுக்கு வண்டிக்காரங்களோட தகராறு வந்தா ஒரு நாள் போகும். மின்கம்பத்துக்கு ஒரு மாசம் போகும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், டெண்டர் போடுறதுக்கு முன்னாடி தெருவுல யாரும் நடந்து பார்க்கல.

டி.எச்.ரோடு கடைக்காரர்

வட்டிக் கணக்கு எனக்குப் புரியுது, அது நான் தினமும் பார்க்குற கணக்கு. சரி, இந்தப் பொண்ணு மனு எழுதுனா நான் கையெழுத்துப் போடணும்னா, அதுல நடக்குறவங்களுக்கு எவ்ளோ இடம்னு இருக்கணும். வியாபாரிக்கு இடம்னு மட்டும் எழுதுனா போட மாட்டேன். எத்தனை வண்டி வரைக்கும்னும் சொல்லணும். இன்னிக்கு நாலு, நாளைக்கு நாப்பது ஆனா என்ன பண்றது?

பாரிமுனை வக்கீல்

அண்ணாச்சி கேட்டதுக்குச் சட்டத்துலயே பதில் இருக்கு. வார்டு, மண்டலம் அல்லது நகரத்தோட மக்கள் தொகையில 2.5 சதவீதம் வரைக்கும்தான் வியாபாரிகளுக்கு இடம் கொடுக்கணும்னு வரம்பு. சென்னை மாநகராட்சிப் பகுதியில 2011 கணக்குப்படி 66 லட்சத்துக்கு மேல மக்கள், அப்போ ஒன்றரை லட்சத்துக்கு மேல வியாபாரிகளுக்கு வரம்புக்குள்ள இடம் இருக்கு. ஒரு தெருவுக்கு எத்தனைன்னு அந்த இடத்தோட கொள்ளளவைப் பார்த்து முடிவு பண்ணணும். கணக்கெடுப்பு 5 வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடக்கணும். ஆக, நாலு நாப்பது ஆகாம இருக்கணும்னா உங்களுக்கும் இந்தச் சட்டம் முழுசா அமலாகணும். அமலாகாத வரைக்கும் யார் முதல்ல வந்து நின்னாங்களோ, யாருக்கு ஆள் பலம் இருக்கோ, அவங்களுக்குத்தான் தெரு.

சைட் இன்ஜினியர்

நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ரோடு போடுற தரத்தை வகுக்குற அமைப்பு) வழிகாட்டி 103ல தடையில்லாத நடை அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர்னு இருக்கு. ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரா போற அகலம். அதை மனுவுல போடுங்க.

மணலி புதுநகர் அக்கா

வார்டு கமிட்டி, பகுதி சபைக்கு 2022ல விதி வந்துச்சுல்ல, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல எங்க பகுதியிலயும் கூட்டம் போட்டாங்க. நான் போனேன். தெரு விளக்கு, குப்பை, நாய்த் தொல்லைன்னு எல்லாரும் பேசினாங்க. வடிகால் டெண்டர் எப்படி இருக்கணும்னு யாரும் கேட்கல, கேட்கலாம்னே தெரியல. அங்க போய்த் தீர்மானமா வைங்க. கவுன்சிலர்கிட்ட வீட்டுல போய்ச் சொன்னா அது பேச்சு. கூட்டத்துல எழுத வச்சா அது பதிவு.

வண்டிக்காரி மகள்

எல்லாருக்கும் நன்றி. நேத்து தெருவுக்குப் போய் அளந்து பார்த்தேன். அண்ணாச்சி, இன்ஜினியர் அண்ணன் ரெண்டு பேரும் பாருங்க. வடிகாலுக்கு மேல சிலாப் போட்டு முடிச்சா நடைபாதை 3 மீட்டர் வரும். அதுல நடக்க 1.8 மீட்டர் விட்டா 1.2 மீட்டர் மிச்சம். அம்மா வண்டி அகலம் 3 அடி, 1 மீட்டர் கூட இல்ல. ரோட்டுப் பக்கமா வண்டியும் கடைப் பக்கமா நடையும் வச்சா கடை வாசலும் மறையாது. பஸ் ஸ்டாப் பக்கத்துலயும் திருப்பத்துலயும் அகலம் பத்தாது, அங்க வண்டி வேண்டாம். அங்க நிக்கிற ரெண்டு பேருக்கு மார்க்கெட் பக்கம் இடம் கேக்கணும். அவங்ககிட்ட பேசினேன். ஒருத்தர் சரின்னார். இன்னொரு அக்கா, மார்க்கெட் உள்ள போனா வியாபாரம் படுத்துடும்னு அழுதுட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மனுவுல மூணு கோரிக்கை. நம்ம வார்டு வியாபாரிகள் பட்டியலையும் விற்பனைப் பகுதி வரைபடத்தையும் வார்டு ஆபீஸ் பலகையில ஒட்டணும். வரைபடத்துல ஒவ்வொரு தெருவுக்கும் 1.8 மீட்டர் நடை அகலமும் வண்டி எண்ணிக்கையும் இருக்கணும். எந்த நிதியில வேலை நடந்தாலும் டெண்டர்லயே 30 நாள் எழுத்து நோட்டீஸும் தற்காலிக இடமும் சேர்க்கணும். நடமாடும்னு தப்பா பதிஞ்சவங்களுக்கு வகை திருத்த வார்டுலயே முகாம் போடணும்.

காசிமேடு மீன்காரர்

பறிமுதல் பட்டியலையும் சேரும்மா. அழுகுற பொருள் அன்னிக்கேன்னு.

வண்டிக்காரி மகள்

சேர்த்துட்டேண்ணே, நாலாவது கோரிக்கை.

டி.எச்.ரோடு கடைக்காரர்

1.8 மீட்டர் எழுத்துல இருக்குறதால நான் கையெழுத்துப் போடுறேன். எங்க வரிசையில இன்னும் அஞ்சாறு கடை இருக்கு, அவங்ககிட்டயும் கேக்குறேன். எல்லாரும் போடுவாங்கன்னு சொல்ல மாட்டேன். கடைக்குள்ள இருந்து சாமானை வெளிய பரப்பி வைக்கிறவங்களும் எங்கள்ல இருக்காங்க. அவங்களும் அந்த 1.8க்குள்ள வராம உள்ள எடுத்து வைக்கணும்னு அதே வரியில சேருங்க, அப்பதான் நியாயம்.

வண்டிக்காரி மகள்

சேர்க்கிறேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை காலையில வைத்தியநாதன் பாலத்தாண்ட டீக்கடையில இருப்பேன். அட்டை வச்சிருக்குறவங்க ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. பழைய அபராத ரசீது, ஸ்வநிதி பாஸ்புக் பக்கம் எது இருந்தாலும் கொண்டு வாங்க. கணக்கர் ஐயா, நம்ம தெரு வேலை எந்த நிதியிலன்னு தகவல் உரிமை மனு எழுத நீங்க உதவினா நல்லா இருக்கும்.

ஓய்வு பெற்ற கணக்கர்

வருகிறேன் மகளே. மனுவில் மதிப்பீட்டின் நகலையும் கேட்டு எழுதுவோம். மதிப்பீட்டில் எந்தக் கணக்குத் தலைப்பு என்று இருக்கும்.